கழுகும் கொக்கும் பிரிவதற்குள் வந்துவிடு

புதுச்சத்திரம்,
தை மாதக் கடைசி, 1984.

மஸ்கட் மாநகரில் கொலுவீற்றிருக்கும் தெய்வானை அக்காவுக்கும், அக்காவிடம் வசமாக மாட்டிக்கொண்டிருக்கும் மச்சானுக்கும் மிகுந்த மரியாதையுடன் அறிவிப்பது என்னவென்றால், நேற்றுக் காலை நம் வீட்டு மேச்சேரி ஆடானது, அம்மா பொங்கலுக்கு எடுத்த ராசிபுரம் பட்டின் முந்தானையைச் சரிகையோடு மென்று விழுங்கி, ஊரிலேயே பட்டு உடுத்தாமல் பட்டு உண்ட முதல் ஆடு என்ற பெருமையைப் பெற்றுவிட்டது, என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒன்று விழுந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பேனா ஓடுகிற வேகத்தைப் பார்த்தே நான் கோட்டாலையும் கேலியும் பண்ணுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுகிறாள். "புள்ள அங்க என்ன பாடு படுதோ, உனக்கு ஆட்டுக் கதையாடா, ஒழுங்கா எழுது" என்கிறாள். ஆகையால் ஒழுங்காக: இங்கே அம்மா, அப்பா, நான், சேலையைச் செரித்துவிட்ட ஆடு எல்லோரும் சுகம். நீயும் மச்சானும் உன் வயிற்றில் இருக்கும் பெரிய மனுசரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். சொல்கிறவள் அவள், எழுதுகிறவன் வீரபாகு. நடுவில் நான் என்று வந்தால் அது உன் தம்பி என்று எடுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்து முனீர் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவின் லாரியில் லுங்கிக் கட்டு ஏற்றி அனுப்புகிறவர், ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை மஸ்கட் வந்து வியாபாரம் பார்த்துவிட்டு உனக்கு இட்லிப் பொடி கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவர்தான். எப்போதும் தெரு முனையில் வரும்போதே அவர் சிரிப்பு வீட்டுக்குள் வந்துவிடும். இந்தத் தடவை ஆள் வந்து உட்கார்ந்தும் சிரிப்பு வரவில்லை, அம்மா கொடுத்த காப்பியில் ஆடை படிந்துவிட்டது. உன் டிக்கெட் எந்த வழி என்று கேட்டார். கொழும்பு வழி என்றதும் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விசயம் இதுதான், மச்சான் அதெல்லாம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக முழுசாக எழுதச் சொல்கிறாள் அம்மா. மஸ்கட்டிலிருந்து கொழும்பு வரைக்கும் உன்னைக் கொண்டுவருவது வாலில் கழுகுப் படம் போட்ட கம்பெனி, கொழும்பிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவருவது கொக்குப் படம் போட்ட இன்னொரு கம்பெனி. ரெண்டு பேரும் கூட்டு. அதனால்தான் ஒரே டிக்கெட், மஸ்கட்டில் போட்ட பெட்டியைத் திருச்சியில் எடுத்துக்கொள்ளலாம், கொழும்பில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே கால் வைக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டு இப்போது ஆட்டம் கண்டுவிட்டதாம். மார்ச்சு மாதத்தோடு முடிகிறது என்று ஒருத்தன் சொல்கிறானாம், இல்லை புதுப்பிக்கிறார்கள் என்று இன்னொருத்தன், முடிந்தே போய்விட்டது, சொல்லத்தான் வெட்கப்படுகிறார்கள் என்று மூன்றாமவன். உன் டிக்கெட்டோ பங்குனிக் கடைசிக்குப் போட்டிருக்கிறது. புதுச்சத்திரத்தில் ராசிபுரம் பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் ஒன்றுக்கொன்று காத்திருந்ததும், முதலாளிகள் முறைத்துக்கொண்ட பிறகு ஒன்றின் புழுதியைப் பார்த்ததுமே மற்றது கிளம்பிப் போனதும் உனக்குத் தெரியுமே, அதே கதைதான். இங்கே பஸ் போய்விட்டால் டீக்கடையில் உட்காரலாம், கொழும்பில் போய்விட்டால் என் மகள் எங்கே உட்காருவாள் என்று அம்மா கேட்டாள், நான் பேனாவை மூடிவிட்டேன்.

முனீர் பாய் மாதிரி அடிக்கடி பறக்கிறவர்களுக்கு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு மஞ்சள் கார்டு கொடுத்திருக்கிறார்கள், அதைக் காட்டினால் சீட்டு முன்னால் கிடைக்கும், தேதி மாற்றித் தருவார்கள், கூட ஒரு மூட்டை ஏற்றலாம். இப்போது திருச்சி ஏர்போர்ட்டில் கார்டுக்காரர்கள் எல்லாம் கூடிக் கூடி நின்று இது செல்லுமா செல்லாதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்களாம். கவுண்டரில் இருக்கிற பெண், மேலே கேட்டுச் சொல்கிறேன் சார் என்கிறாளாம். மேலே என்றால் எவ்வளவு மேலே, விமானம் பறக்கிற உயரமா என்று நான் கேட்டதற்கு முனீர் பாயே சிரித்துவிட்டார், அம்மாதான் முறைத்தாள். மஞ்சள் கார்டுக்கு மஞ்சள் காமாலை என்று நான் சொன்னதற்கு அவளும் லேசாகச் சிரித்தாள், ஆனால் அடுத்து அவர் சொன்னதில் அது போய்விட்டது. போன தடவை அவர் வந்த கழுகு கொழும்பில் கொஞ்சம் தாமதமாக இறங்கியதாம். முன்பெல்லாம் கொக்கு காத்துக்கொண்டிருக்கும், இவர்கள் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள். இந்தத் தடவை கண்ணெதிரிலேயே கிளம்பிப் போய்விட்டது. கார்டு இருந்ததால் இவரை உள்ளேயே பெஞ்சில் உட்கார வைத்தார்கள், கார்டு இல்லாத கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ரூம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "அந்தம்மா கைக்கொழந்தையோட நின்னு என்னையப் பார்த்தாங்க, நான் என்னம்மா பண்ண முடியும், தலையக் குனிஞ்சுக்கிட்டேன், அதுல இருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல" என்றார். அவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று அம்மா கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

போன ஆடிக் கலவரத்தில் கொழும்பில் நம் சனங்களுக்கு என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை, அங்கேயும் ரேடியோ இருக்கிறது. இங்கே நம் ரேடியோ ஒரு வாரமாகப் பாடவில்லை, பேட்டரி தீர்ந்துபோச்சு என்கிறார் அப்பா. தீரவில்லை, லாரியின் டூல்ஸ் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார், நான் பார்த்தேன். அம்மா கேட்கக் கூடாதாம். அம்மாவோ சாயங்காலம் ஆனால் மோர் கொடுக்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் செய்தி முடிகிற வரைக்கும் வாசற்படியில் நின்றுவிட்டு வருகிறாள், அப்பாவிடம் சொல்லாதே என்று எனக்குக் கட்டளை. இப்படி ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருக்கிறார்கள், நடுவில் ரெண்டு பயத்தையும் பாதுகாக்கிற பேங்கு நான். பயப்படாத ஆள் இந்த வீட்டில் ஒருத்தன்தான், பேரிலேயே வீரம் வைத்திருக்கிறவன், அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். முனீர் பாய் வருகிற செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார், இந்தக் கடிதத்தையும் அவர்தான் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். கொழும்பு வழியாக அவர் போய் வருவது இதுதான் கடைசி, அடுத்த தடவையிலிருந்து பம்பாய் சுற்றித்தானாம். மாசி நடுவில் திரும்புகிறார். அதே விமானத்துக்கு உன் டிக்கெட்டை மாற்றிவிட்டால் கூடவே வந்துவிடலாம், அதுவரைக்கும் கூட்டும் இருக்கும், கார்டும் செல்லும். "என் மகளாட்டம் கூட்டிட்டு வர்றேன், கொழும்புல இந்தக் கார்டக் காட்டி உக்காந்தா புள்ளயும் என் பக்கத்துலதான் உக்காரும்" என்றார். ஆனால் மாசி நடுவில் உனக்கு எட்டாம் மாதம். ஏழில் சீட்டுக் கிடைக்கவில்லை, எட்டு ஆகாது, ஒன்பதில் வரட்டும் என்று பங்குனிக்கு டிக்கெட் போட வைத்ததே அம்மாவும் உன் மாமியாரும்தான். எட்டில் எட்டடி கூட வைக்கக் கூடாது என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள். உனக்கும் எனக்கும் நடுவில் பிறக்க வேண்டியது எட்டாம் மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி கட்டிப் போய் வந்ததில்தான் தங்காமல் போனது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறவள். முனீர் பாய் போன பிறகு அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்ற வைத்தாள், உலை வைக்கவே இல்லை. அப்பா ராசிபுரம் போய் உன் மாமியாரிடம் மெல்லப் பேச்சை எடுத்தாராம். சென்னியம்மாள் அத்தை, "ஏனுங் சம்பந்தி, எட்டுல எந்தப் புள்ளத்தாச்சியாவது படி தாண்டுவாளா, நாளைக்கு ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது" என்று கேட்க, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போதுதான் காளியாத்தாளிடம் பூக் கேட்டுவிடலாம் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அத்தையும் ஒத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ராசிபுரத்திலிருந்து வந்தார். சின்னண்ணன் பூசாரி வெள்ளை அரளி ஒரு பொட்டணம், சிவப்பு அரளி ஒரு பொட்டணம் இலையில் கட்டி ஆத்தா காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொன்னோம், அது மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்றை எடுத்தது, பிரித்தால் வெள்ளை. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே வரச் சொல்லிப்போட்டா, பொறகு நா என்னத்தச் சொல்றதுங்க, புள்ளய வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா விழுந்து கும்பிட்டவள் எழுந்திரிக்கவே இல்லை, அப்பாவும் நானும் தூக்கித்தான் உட்கார வைத்தோம். அக்கா, அந்த வெள்ளைப் பூ தானாக வரவில்லை, வரவழைத்தவன் உன் தம்பி. எப்படி என்று இந்த இடத்தில் எழுத முடியாது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் மூளைக்குக் கூலியாக ஒரு டேப் ரெக்கார்டர் போதும், பெரியதாக வேண்டாம், முனீர் பாய் தூக்குகிற அளவுக்கு இருக்கட்டும்.

இனி அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். முனீர் பாய் வந்து சொன்ன அன்றைக்கே மச்சான் போய்த் தேதியை மாற்றிவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. அங்கே டாக்டரம்மாவிடம் பயணம் போகலாம் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள். பெட்டியில் கனமாக ஒன்றும் வைக்காதே, குழந்தைக்குச் சட்டை இங்கேயே தைத்துக்கொள்ளலாம். விமானத்தில் கொடுப்பது பிடிக்கவில்லை என்றால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொள், வெறும் வயிற்றோடு உட்காராதே. கொழும்பில் இறங்கினதும் முனீர் பாய் பின்னாலேயே போ, அவர் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார், யாராவது எதையாவது கேட்டால் அவர் பேசுவார், நீ வாயைத் திறக்காதே. இதற்கு மேலே ஒரு வரி அடித்திருக்கிறதே, அது என் பிழை இல்லை. பொட்டைக் கொஞ்சம் சின்னதாக வைத்துக்கொள்ளச் சொல் என்றாள், எழுதினேன். அப்புறம், கொழும்பில் மட்டும் எடுத்துவிடச் சொல் என்றாள், எழுதினேன். எழுதி முடித்ததும் வேண்டாம்டா, புள்ளத்தாச்சி நெத்தி அது, அடிச்சுப்போடு என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அடித்துவிட்டேன். பொட்டு உன் இஷ்டம். காளியாத்தா திருநீறும் வேப்பங்கொழுந்தும் இன்று காலை முனீர் பாய் எட்டிப் பார்த்தபோது அவரிடம் கொடுத்திருக்கிறது, எடுத்துப் போவாரோ மாட்டாரோ என்று அம்மா தயங்கித் தயங்கித்தான் நீட்டினாள். "குடுங்கம்மா, சட்டைப் பையிலயே வெச்சிக்கிறேன், வர்றப்ப நானும் துவா ஓதிக்கிட்டேதான் வருவேன், ரெண்டும் சேர்ந்து காப்பாத்தட்டும்" என்று வாங்கிக்கொண்டார். கிளம்புகிற அன்றைக்கு அதில் ஒரு கொழுந்தைத் தலையில் செருகிக்கொள்.

நீ இறங்குகிற நாளுக்கு முதல் நாளே அப்பா திருச்சி வந்துவிடுவார், லாரி வேண்டாம், வாடகைக் காருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆத்தா கண் உன் மேலேயே இருக்கட்டும், நீ நூறு வருசம் பூவும் மஞ்சளுமாக இரு, மச்சான் வேளாவேளைக்குச் சாப்பிடட்டும், நீ இல்லாத நாளில் அவருக்கு ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்கச் சொல்கிறாள். மறுபடியும் சொல்லச் சொல்கிறாள், டாக்டர் சீட்டு, மறந்துவிடாதே.

இப்படிக்கு, வழியையே பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா,
சௌந்திரம்
(கையெழுத்துக்குப் பதில் மஞ்சள் தொட்டு வைத்த விரல்)

அக்கா, முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னாள், சில இடங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன், இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். மேலே பூவை வரவழைத்தவன் நான் என்று பீற்றிக்கொண்டேன் இல்லையா, அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மனசு மாறாது என்று நினைத்து, வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே பூசாரியிடம் போய், ரெண்டு பொட்டணத்திலும் வெள்ளையே கட்டுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, தாயும் மவனும் பேசி வெச்சுக்கிட்டு வாரீங்களா? உங்கம்மா காலைலயே வந்து இதத்தான் சொல்லிப்போட்டு போனாங்க, செவப்ப கண்ணுல காட்டிப்போடாதீங்கன்னு ஒரே அழுகை" என்றார். அவ்வளவுதான் என் மூளை. கன்று வாங்குவதிலிருந்து உன் கல்யாணம் வரைக்கும் ஆத்தாளிடம் பூக் கேட்காமல் ஒன்றும் செய்யாதவள், இதைக் கேட்க மட்டும் பயந்துவிட்டாள். விழுந்து கும்பிட்டு எழுந்திரிக்காமல் கிடந்தாளே, அது நன்றி இல்லை அக்கா, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு வீரபாகு என்ற பெயரை யாராவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். டேப் ரெக்கார்டர் வேண்டாம். ஆத்தாளிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை, கேட்க இங்கே ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது, நீ வந்துவிடு.