பிறந்தது எட்டு, இருப்பது ஏழு

பியோர்ண்டால், ஒஸ்லோ
14.09.2008

அன்பின் அத்தானுக்கு,

நானும் அபிஷாவும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாமாங்கேஸ்வரர் துணை.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஹோட்டலை நவம்பர் கடைசியோடு மூடுகிறார்கள், சலவைப் பகுதியில் எல்லாருக்கும் வேலை போகிறது, திரும்பி ஒஸ்லோவுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வருடம் டப்ளினில் இருந்துவிட்டு ஒரு வரியில் கேட்டால், நானும் ஒரு வரியில் பதில் எழுத வேண்டுமாக்கும். எனக்கு மனம் ஒரு வழிக்கு வரவில்லை. வாருங்கள் என்று எழுதப் போனால் கோபம் வருகிறது, வராதீர்கள் என்று எழுதப் போனால் அழுகை வருகிறது. யோசித்து எழுதுகிறேன். ரெலிபோன் எடுக்க வேண்டாம். எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை. கடிதம் என்றால் சண்டை வந்து சேர ஐந்து நாளாவது ஆகும்.

அதற்கிடையில் ஒரு உதவி. நான் வீட்டு உதவிக்குப் போகும் வயதானவர்களில் பிரைடி என்று ஒருவர் இருக்கிறார். எண்பத்து நாலு வயது. டப்ளினில் பிறந்தவர், நோர்வேக் கப்பல்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். புருசன் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, கண்ணும் தெரியாது. நவம்பரில் அவர்களுடைய கோவிலில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பூசையில் வைப்பார்களாம். பிரைடிக்குத் தன் தாயின் கூடப்பிறந்தவர்களையும் எழுத வேண்டும். தாய் றோஸ் எப்போதும் "நாங்கள் எட்டுப் பேர்" என்று சொல்லுவாராம். ஆனால் தன்னோடு சேர்த்து எண்ணினால் ஏழு பெயர்தான் வரும். எட்டாவது யார் என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவாராம்.

1911ஆம் ஆண்டு டப்ளின் குடிசன மதிப்புப் பத்திரங்களைக் கணினியில் போட்டிருக்கிறார்கள் என்று அபிஷா தேடித் தந்தாள். கின்செல்லா என்ற பெயரில் கூட்டம் கூட்டமாகச் சனம் வந்தது. "அம்மா, எனக்குச் சோதினை இருக்கு, என்னால ஏலாது" என்று போய்விட்டாள். பிரைடியின் அம்மம்மாவின் பெயர் கத்தரின் கின்செல்லா, விதவை. கப்பல்துறைக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருந்தவர்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், பார்த்துச் சொல்லுங்கள். நவம்பர் இரண்டாம் திகதிக்கு முன் வேண்டும்.

இப்படிக்கு,
தேவி


டப்ளின்
28.09.2008

அன்பின் தேவிக்கு,

நான் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. வரட்டுமா என்று கேட்டவனுக்கு, செத்துப்போன கிழவியைத் தேடு என்று பதில். உமக்கு நான் புருசனா, பரிசாரகனா என்றே விளங்கவில்லை. என்றாலும் தேடினேன். வேறு என்ன வேலை எனக்கு? இங்கே ஆறு பேர் செய்த வேலைக்கு இப்போது மூன்று பேர் விரிப்பு மடிக்கிறோம்.

லீவு நாளில் நூலகத்துக்குப் போனேன். அங்கே உதவிக்கு நிற்கிற வயதான மனிதர் ஒருவர், என் முகத்தையும் நான் எழுதிக் கொடுத்த பெயரையும் மாறி மாறிப் பார்த்து, "உங்கட சொந்தக்காரரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். விளக்கப் போனால் பொழுது பட்டுவிடும்.

தேவி, இந்தச் சனத்துக்குப் பெயர்ப் பஞ்சம். ஆண்களில் பாதிப் பேர் பற்றிக், பெண்களில் பாதிப் பேர் மேரி. வயதும் அப்படித்தான், கேட்ட நேரம் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வழுக்கிப் போகிறது. தலை சுற்றிவிட்டது. கடைசியில் கப்பல்துறைப் பக்கம் கத்தரின் கின்செல்லா என்று ஒரு விதவை அகப்பட்டார். றோஸ் என்று மகளும் உண்டு. பிரதி வைத்திருக்கிறேன்.

நான் கேட்டதற்குப் பதில் வரும் என்று பார்த்திருக்கிறேன். அபிஷாவுக்கு முத்தம்.

அன்புடன்,
இந்திரகுமார்


பியோர்ண்டால்
09.10.2008

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆச்சியைப் பிரைடி வீட்டை விட்டுக் கலைத்துவிட்டார். நான் பத்திரத்தை மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டு வந்தேன். சமயம் என்ற இடத்தில் இங்கிலாந்துக்காரரின் சபை என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். "புரொட்டஸ்தாந்தோ! என்ர அம்மம்மாவோ!" என்று தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டார். தாளும் நனைந்தது, என் சட்டையும் நனைந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

ஆகவே இன்னொரு கத்தரின் இருக்க வேண்டும். கத்தோலிக்கர். தயவு செய்து திரும்பப் பாருங்கள். அந்த இடத்துக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்தையும் பார்க்க ஏலுமென்றால் பாருங்கள்.

"அம்மா, ஆரோ ஒரு கிழவியின்ர சொந்தக்காரருக்கு ஏன் நீங்கள் இவ்வளவு ஓடித் திரியிறீங்கள்?" என்று அபிஷா கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல? உங்களுக்கு ஏன் என்று தெரியும். தெரியாதது போல இருப்பீர்கள், அது வேறு.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கோபிக்க வேண்டாம். நானே என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேவி


டப்ளின்
19.10.2008

அன்பின் தேவி,

சரியான கத்தரின் அகப்பட்டார். முதல் ஆச்சி இருந்த ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. ஒரே பெயர், இரண்டு பேரும் விதவை, இரண்டு பேருக்கும் றோஸ் என்று மகள். குழம்பியதில் என் பிழை மட்டும் இல்லை. இந்தக் கத்தரின் கத்தோலிக்கர், உடுப்புத் தோய்க்கிற தொழில். என் தொழில்தான்.

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருக்கும் பிள்ளைகள் எத்தனை. கணவன் உள்ள பெண்கள் மட்டும் நிரப்ப வேண்டும் என்று மேலே அச்சடித்திருக்கிறது. கத்தரின் விதவை, அவருக்கு அந்தக் கட்டம் இல்லை. என்றாலும் நிரப்பியிருக்கிறார். பிறந்தது எட்டு, இருப்பது ஏழு. கணக்கெடுக்க வந்த பொலிஸ்காரர் இரண்டு இலக்கத்தையும் மையால் குறுக்கே வெட்டியிருக்கிறார். வெட்டியும் மறையவில்லை, கீழே தெரிகிறது.

இது பலருடைய பத்திரத்திலும் உண்டு என்று நூலக மனிதர் சொன்னார். "கேக்காட்டியும் எழுதிப்போடுவினம், பாவங்கள்" என்றார். நான் அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தேன். சுகமில்லையோ என்று கேட்டு அவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த நாள் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொன்னார். யோசேப்பு கின்செல்லா, 1906 பெப்ரவரி மூன்றாம் திகதி பிறப்பு, அன்றைக்கே ஞானஸ்நானம். குருவானவர் வரும்வரை உயிர் நில்லாது என்று மருத்துவிச்சியே தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒரு மணித்தியாலம்தான் இருந்தது என்று ஓரத்தில் குறித்திருக்கிறது. றோஸுக்கு அப்போது நாலு வயது. பிரைடியிடம் சொல்லும், எட்டாவது ஆள் யோசேப்பு.

இனி எழுதப்போவதை இருபது வருடம் முன் எழுதியிருக்க வேண்டும்.

நான் மட்டக்களப்பை விட்டு வெளிக்கிடும்போது உமக்கு ஐந்து மாதம். பிள்ளை பிறந்ததும் ஒன்பதாம் நாள் போனதும் ஒரே கடிதத்தில் எனக்கு வந்தது. நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலை வாசலில் நின்று வாசித்தேன். அந்தக் கடிதத்தில் பிறந்த பிள்ளை அதே கடிதத்தில் செத்துப்போனது. அடுத்த மாதம் அகதி விசாரணை. "பிள்ளைகள்?" என்று அதிகாரி கேட்டார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. நான்தான் "இல்லை" என்றேன். உண்டு என்று வாய் திறந்தால் அழுவேன், அழுதால் நடிக்கிறான் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன். அவர் இல்லை என்று எழுதினார். அவருக்கு வெட்ட ஒன்றும் இருக்கவில்லை, நான் முன்னமே வெட்டிவிட்டேன்.

பிறகு உம்மைக் கூப்பிட விண்ணப்பித்தபோது, "ஒரு ஆண் பிள்ளை, இறந்துவிட்டது" என்று நீர் எழுதினீர். இரண்டு பத்திரமும் பொருந்தவில்லை. இவர்கள் உண்மையில் புருசன் பெண்சாதிதானா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. விசா இல்லாமல் கொழும்பில் ஒன்றரை வருடம் நின்றீர். பிழையாக எழுதிவிட்டேன், எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடும் என்று சொன்னது நான். நீர் எழுதிக் கொடுத்தீர். வந்து சேர்ந்தீர். அதைப் பற்றி நான் ஒரு நாளும் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டால் ஆறிவிடும் என்று நினைத்தேன். என்ன மடையன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை. வரட்டுமா என்ற கேள்வியையும் திருப்பி எடுக்கிறேன். நீராக வரச் சொன்னால் வருவேன்.

இந்திரகுமார்


பியோர்ண்டால்
04.11.2008

அத்தான்,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. எந்தத் தரிப்பில் இறங்கினேன், எந்தப் பக்கம் நடந்தேன் என்று தெரியாமல் திரிந்தேன். சந்தோசமா, ஆத்திரமா, இன்னும் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. அதுதான் என்னைக் குழப்புகிறது. இவ்வளவு காலமும் உங்களுக்கு மறந்துபோனது என்று நினைத்துத்தான் ஆறியிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் பெண்கள் வைத்தியரிடம் போனோமே, எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முதல் நீங்கள் "ஒன்று" என்றீர்கள். நான் "இரண்டு" என்றேன். வைத்தியர் யாரை நம்புவது என்று தெரியாமல் பேனையைக் கீழே வைத்தார். வரும் வழியில், ரயிலில், "முடிஞ்சதை ஏன் கிளறுறீர்?" என்று கேட்டீர்கள். அடுத்த மாதம் டப்ளினுக்கு வெளிக்கிட்டீர்கள். வேலைக்குப் போயிருக்கிறார் என்று நானும் சனத்துக்குச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

யோசேப்பின் பெயரைச் சொன்னபோது பிரைடி என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல! ஒரு மணித்தியாலம் இருந்த பிள்ளைக்கு ஒரு பெயர், புத்தகத்தில் ஒரு வரி, நூறு வருடம் கழித்துத் தேடி வர ஆள். நாங்கள் முப்பத்தோராம் நாள் பெயர் வைப்போம் என்று இருந்தோம். ஒன்பது நாள் பிள்ளைக்குப் பெயர் ஏது?

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொல்லச் சொல்ல எட்டுப் பெயரையும் நான்தான் எழுதினேன். எழுதி முடிய, "உன்ரதையும் எழுது" என்றார். நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கண் தெரியாதவருக்கு எப்படித் தெரிந்ததோ. "பெயர் இல்லை" என்றேன். "பெயர் இல்லாட்டியும் எழுது. கடவுள் என்ன, பொலிஸ்காரனோ?" என்றார்.

தமிழில், என் முழுப் பெயரைப் போட்டு எழுதினேன். சிறிதேவியின் மகன். உங்கள் பெயரையும் போடுவதா விடுவதா என்று தெரியாமல் பேனையோடு நின்றேன். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். போடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அபிஷாவுக்குப் பதினைந்து வயது. தனக்கு முன் ஒருவன் பிறந்தான் என்று அவளுக்குத் தெரியாது. வாருங்கள். இல்லை என்று உங்கள் வாயால் ஒருவருக்குச் சொன்னீர்கள். உண்டு என்று உங்கள் வாயால் அவளுக்குச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருப்பேன், உதவிக்கு வர மாட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் இந்த வீட்டில் இருப்பதா இல்லையா என்று யோசிப்போம். அதற்கு மேல் வாக்குத் தர எனக்குத் தெரியவில்லை.

தேவி


டப்ளின்
15.11.2008

அன்பின் தேவி,

டிசம்பர் ஆறாம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் வருகிறேன். ரிக்கற் எடுத்துவிட்டேன். அபிஷாவுக்குச் சொல்லுவேன். ஒவ்வொரு நாளும் விரிப்பு மடிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். முதல் வசனம் சரியாக வருகிறது, இரண்டாவதில் நிற்கிறேன்.

ஏனென்றால் அவள் கேட்பாள். அண்ணா யாரைப் போல? கறுப்போ, வெள்ளையோ? தலைமயிர் இருந்ததோ? எனக்கு ஒன்றும் தெரியாது. நான் காணவில்லை. கண்ட உம்மிடமும் இருபது வருடமாக ஒரு நாள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். தேவி, எங்கள் பிள்ளை எப்படி இருந்தான்? வர முதல் எழுதும்.

இந்திரகுமார்


பியோர்ண்டால்
24.11.2008

அத்தான்,

நீங்கள் கேட்டதை எழுத மூன்று தரம் தாள் எடுத்தேன். கை வருகுதில்லை. அவனைப் பற்றி நான் கடைசியாக எழுதிய கடிதம், அவன் பிறக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அவனை எழுத்தில் வைக்க எனக்கு மனமில்லை.

விமான நிலையத்துக்கு நான் தனியாக வருகிறேன். அபிஷா வீட்டில் இருக்கட்டும். அவளுக்கு முன் தகப்பன் கேட்க வேண்டும். அங்கிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் அரை மணித்தியாலம். ஒன்பது நாளைச் சொல்ல அது போதும்.

வாங்கோ.

தேவி