வெள்ளத்துக்கும் வாயுவுக்கும் ஒரே சைரன்

அனுப்புநர்
மு. சுடலைமணி (வயது 78),
பழைய சுமட்டுத் தொழிலாளி,
மிளகுக் கிடங்கின் பின்னறை,
பஜார் ரோடு, மட்டாஞ்சேரி.

பெறுநர்
முன்னேற்பாட்டு அலுவலர் அவர்கள்,
வெள்ளம், வாயு அபாயத் தடுப்பு அலுவலகம்,
கொச்சி.

பொருள்: சைரன் ஒலியை இரண்டாகப் பிரித்துத் தருமாறு நாலாவது தடவையாகக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பக்கத்து வீட்டு ஸுப்ரியா எழுதுகிறார். பதினாலு வயதில் மூட்டை தூக்க இங்கு வந்தவன். எங்கள் சந்தில் காயல் தண்ணீர் ஏறினால் முதலில் சாக்குகளை மச்சுக்கு ஏற்றுவோம், பிறகு ஆட்கள் ஏறுவோம். தொண்ணூற்றிரண்டில் தண்ணீர் இரண்டாம் படி, 2018-இல் நாலாம் படி. இரண்டு தடவையும் அப்படித்தான் பிழைத்தோம்.

2. சென்ற வருடம் கர்க்கடக மாதம் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. நல்ல மழை. சைரன் ஊதியது. தண்ணீர்தான் என்று நினைத்தோம். என் மனைவி பேச்சியம்மாளுக்குக் கால் வராது. "நான் எங்கன ஓடிறப் போறேன்? மொதல்ல மொளவுச் சாக்க ஏத்துங்க" என்று விரட்டினாள். பதினோரு சாக்கு ஏற்றினோம். பிறகு அவளை முதுகில் சுமந்து மச்சில் கொண்டு இருத்தினேன். தண்ணீர் வரவில்லை. பக்கத்து ஐஸ் கம்பெனியிலிருந்து அமோனியா வந்தது. அது மேலே ஏறும் வாயுவாம். ஓட்டுக்கடியில் வந்து அடைந்துகொண்டது. அவள் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு பற்றாது. ஏற்றி வைத்தவன் நான்தான் ஐயா.

3. தங்கள் அலுவலகம் வந்து கேட்டேன். வாயு வந்தால் மேலே ஏறக்கூடாது, ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி வெளியே போக வேண்டும் என்று நோட்டீஸில் உண்டாம். "வாயிச்சில்லே அப்பூப்பா?" என்று, படிக்கவில்லையா தாத்தா என்று, அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நோட்டீஸ் எங்கள் கதவிலேயே ஒட்டியிருந்தது. தினமும் பார்த்தேன். தமிழில் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. மலையாளம் காதுக்கு நன்றாக விளங்கும். கண்ணுக்குத்தான் எந்த எழுத்தும் விளங்காது.

4. மூன்று மனுவுக்கும் ரசீது கிடைத்தது, பதில் இல்லை. அடுத்த மாதம் மழை தொடங்கும். வெள்ளத்துக்கு ஒரு ஒலி, வாயுவுக்கு வேறு ஒலி வையுங்கள். சந்துக்குள் வந்து மைக்கில் வாயால் சொல்ல ஒரு ஆள் அனுப்புங்கள்.

5. அதற்கு நாளாகுமென்றால், இதற்காவது பதில் தாருங்கள். இப்போது அவளைத் தூக்கினால் பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி வைக்கிறேன். சைரன் ஊதினால் ஒரு தடவைதான் என்னால் கொண்டுபோக முடியும். தப்பான இடத்தில் வைத்துவிட்டால் திரும்ப எடுத்து வர பலம் இல்லை. மேலேயா, வெளியேயா?

தங்கள் வார்த்தைக்காகக் கதவருகே காத்திருக்கும்,

(இடது பெருவிரல் ரேகை)
மு. சுடலைமணி

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 12.05.2025