இன்ஸ்பெக்டரின் பதினான்கு கற்கள்

என் அருமைப் பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று ஒரு வரி எழுது. ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பாதி நேரம் அம்மாவிடம் போய்விடுகிறது, மீதி நேரத்தில் நான் தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் நீ வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். அதோடு இதைப் போனில் சொன்னால் உன் குரல் மாறுவது எனக்குக் கேட்கும், உடனே நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்ததா வெயில் அடித்ததா என்று ஏதாவது உளறுவேன். விஷயம் இதுதான். உன் மீன் தொட்டியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன், உன் அறையிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இரண்டையும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். மீன் கதையை முதலில் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

இன்ஸ்பெக்டர் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறார். விரல் நீளம்கூட இல்லாத அந்த நீல உடம்புக்குள் அவ்வளவு ரோஷம் எங்கேதான் இருக்கிறதோ, கண்ணாடி துடைக்கக் கை விட்டால் இன்றைக்கும் பாய்ந்து வந்து கொத்துகிறார். நாலு வருஷமாகச் சாப்பாடு போடுகிறவன் என்ற நன்றி துளியும் கிடையாது. உப்புத்தண்ணீர் கலப்பது, உப்பின் அளவு பார்ப்பது, தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்புவது எல்லாம் நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன தாளின்படியே நடக்கிறது. மூன்றடித் தொட்டி முழுக்க அவர் ஒருவருக்குத்தான். பாசி தின்னட்டும் என்று நீ விட்ட நத்தையையே உருட்டித் தள்ளியவர், உனக்குத் தெரியாததா.

போன மாதம் உன் தம்பி பெண்டாட்டி வேலை செய்கிற இடத்தை வேறொரு சின்னக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பல் செட் செய்கிற கூடம் அது, முன்பே சொல்லியிருக்கிறேன். வாசலில் அவர்களும் ஒரு கடல் மீன் தொட்டி வைத்திருந்தார்களாம். தொட்டியை யாரோ எடுத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்த ஒற்றைக் கோமாளி மீனை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் அதற்குத் தீனி போட்டவள் இவள்தான். ஒருநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மாமா, இது இங்க இருக்கலாமா, வேணாம்னா மீன் கடைக்காரர்கிட்டயே குடுத்துடறேன் என்று கேட்டாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டு, பார்க்கப் பாவமாக இருந்தது. கல்யாணமாகி ஏழு மாதத்தில் இந்த வீட்டில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, கேரட் மாதிரி இருக்கே என்றாள், அதுவே பெயராகிவிட்டது.

மீன் கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்டேன். ஓட்டை போட்ட பெட்டிக்குள் கேரட்டை விட்டு, அந்தப் பெட்டியை நாலு நாள் தொட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும், இருவரும் முகம் பார்த்துப் பழகட்டும். ஐந்தாம் நாள் கல்லையெல்லாம் வெளியே எடுத்துக் கலைத்து அடுக்கிவிட்டு, பழைய ஆளுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் புது ஆளைத் திறந்துவிட வேண்டும் என்றார். நானும் ஒன்றுவிடாமல் செய்தேன். அம்மாவின் அரிசி களைகிற பிளாஸ்டிக் கூடைதான் பெட்டி, அதற்கு அவளிடம் வாங்கிய திட்டு தனி. ஐந்தாம் நாள் கற்களை எடுப்பதற்கு முன்னால் மார்க்கர் பேனாவால் தொட்டிக் கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் கோடு போட்டுக்கொண்டேன். செய்தித்தாளில் ஒன்றிலிருந்து பதினாலு வரை நம்பர் போட்டு, எது எதன்மேல் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று குறித்துக்கொண்டேன். பஸ் டிப்போ ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான், உனக்கே தெரியும், பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை பெயிண்டில் வரைந்து வைத்திருப்பேன், ஒன்று இடம் மாறியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. பதினாலு கல்லையும் தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் போட்டு எடுத்து, நூல் பிசகாமல் பழையபடியே அடுக்கினேன். எடுத்ததே கலைத்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரர் சொன்னது காதில் சரியாகத்தான் விழுந்தது, கைதான் கேட்கவில்லை.

கேரட்டைத் திறந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், எல்லாம் வைத்தது வைத்தபடி இருப்பதைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கேரட்டின் வால் கிழிந்துவிட்டது. அது ஹீட்டருக்குப் பின்னால் மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது, அங்கிருந்து ஒரு இஞ்ச் இறங்கினாலும் விரட்டு. மறுநாளும் சாப்பிடவில்லை. மருமகள் வேலைக்குக் கிளம்பும்போது தொட்டியருகே குனிந்து பார்ப்பாள், பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.

அதே வாரம்தான் சின்னவன் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, அவ வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல வாடகை வீடு பாக்கறோம்ப்பா என்றான். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன்டா என்று கேட்டேன். இங்க எடம் பத்தலப்பா என்றான், கோபமாகச் சொல்லவில்லை. அவர்கள் இருப்பது முன்பக்கச் சின்ன அறை. தையல் மிஷின், இஸ்திரி மேஜை, என் சைக்கிள், ஒன்றரை ஆள் படுக்கிற கட்டில், இவ்வளவுக்கும் நடுவில் அவர்கள் இருவர். அவளுடைய பெட்டி கதவுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தபடியே ஏழு மாதமாக நிற்கிறது. காலையில் துணியை எடுத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடுவாள், சாயங்காலம் மறுபடி திறப்பாள். அந்தச் சத்தம் எனக்குத் தினமும் கேட்கும், ஊருக்குக் கிளம்புகிற சத்தம் அது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை பார். உன் அறையோ சாத்தியபடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் தூசி தட்டுவேன், உன் சீப்பைக்கூட எடுத்த கோணத்திலேயே திரும்ப வைப்பேன். தம்பி கல்யாணத்துக்கு முன்னால் நீ போனில் சிரித்துக்கொண்டே, என் ரூமை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்கப்பா என்றாய். நீ சிரித்தாய், ஆனால் சிரிக்காத பாதியும் எனக்குக் கேட்டது. லீவு கிடைக்காமல் தம்பி கல்யாணத்தையே போன் திரையில் பார்த்த பெண், இவளுக்கு இதையாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று இருந்துவிட்டேன். அந்த அறையை அவர்களுக்குக் கொடுக்கலாமே என்று அம்மா இரண்டு தடவை ஜாடையாகச் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கடைக்காரரையே வீட்டுக்கு வரச் சொன்னேன். தொட்டியைப் பார்த்தார், கலைக்கச் சொன்னேனே சார் என்றார். நான் பெருமையாக மார்க்கர் கோடுகளையும் நம்பர் போட்ட தாளையும் காட்டினேன். மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய ஆளுக்கு எல்லாம் பழையபடியே இருந்தா புது ஆள் எங்க சார் இருக்கும், ரெண்டு பேருக்கும் புது வீடா இருக்கணும் சார், அப்பத்தான் யாரும் யாரையும் வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க என்றார். மருமகள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். உனக்கு இது தெரியாதாம்மா என்று கேட்டேன். அன்னிக்கே தெரிஞ்சது மாமா, ஆனா இது அண்ணி அடுக்கினது, நான் எப்படிக் கை வைக்கிறது என்றாள். குறையாகச் சொல்லவில்லை, குளிர்ந்த தண்ணீரில் துணி ஊறவைத்திருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது பெரியவளே. தன் மீன் கண்ணெதிரே அடிபடுவதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டு, ஒரு கல்லைத் தொட உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டு இந்தப் பெண் என் வீட்டில் இருந்திருக்கிறாள். அப்படி நினைக்க வைத்தவன் நான். நீ இல்லை, நான்தான்.

நீயே அடுக்கும்மா என்று வாளியை அவள் முன்னால் வைத்தேன். மெழுகில் பல் செதுக்குகிற கை, ஒரு கல்லும் இன்னொன்றில் இடிக்காமல் எடுத்தாள். நடுவில் இடைவெளி விட்டு இரண்டு குவியல், ஒவ்வொன்றிலும் ஒரு குகை. கடைசியில் இன்ஸ்பெக்டர் படுத்துக்கொள்கிற அந்த ஓட்டைக் கல், நீ கடையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாயே, நம்பர் ஒன்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்க மாமா என்று கேட்டாள். உனக்கு எங்கே சரியென்று படுகிறதோ அங்கே என்றேன். ஜன்னல் பக்கம் இடது மூலையில் வைத்தாள். கண்ணாடியில் இருந்த கோடுகளை நான் துணியால் அழித்தேன், நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் கடைக்காரர் யோசனைப்படி அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை வெளிப்பக்கம் ஒட்டினோம். இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் தன் முகத்தோடேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஷேவ் பண்ணும்போது இந்த வீட்டுல இன்னொருத்தரும் இப்படித்தான் என்று அம்மா சொன்னாள். மூன்றாம் நாள் கேரட் கீழே இறங்கி வந்து சாப்பிட்டது. சண்டை அடியோடு நின்றுவிட்டது என்று எழுதினால் பொய். காலையில் ஒரு விரட்டு, சாயங்காலம் ஒரு விரட்டு உண்டு, ஆனால் வால் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையே, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சின்னவனைக் கூப்பிட்டு உன் அறைக் கதவைத் திறந்தேன். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம், மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பினோம், அலமாரியின் கீழ்த் தட்டுகள் நாலையும் காலி செய்தோம். உன் சாமான்களை இரண்டு பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன், நம்பர் போட்ட பட்டியல் இதோடு இருக்கிறது, சிரிக்காதே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. மேல் தட்டு அண்ணிக்கு என்று மருமகள்தான் ஒதுக்கினாள், அவங்க வந்தா இந்த ரூம்லதான் படுக்கணும், நாங்க முன்பக்க ரூமுக்குப் போயிடறோம் என்றும் சொல்லிவிட்டாள். வாடகை வீட்டுப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. போன திங்கட்கிழமை சின்னவன் அவளுடைய பெட்டியைக் காலியாகப் பரணில் ஏற்றினான். மறுநாள் காலையில் ஜிப் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், வரவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

உன் இடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது உண்மைதான், கொடுத்துவிட்டேன். படிக்கும்போது உனக்கு வலிக்கும். அழவேண்டும் என்றால் அழு, என்மேல் கோபித்துக்கொள், ஒரு வாரம் என்னோடு பேசாமல் இரு, அவள்மேல் மட்டும் கோபம் வேண்டாம். எனக்கு உன் அறையில் தூசி தட்டுவது உன்னோடு இருக்கிற மாதிரி இருந்தது, அதனால்தான் இத்தனை நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் கண்ணாடியோடு மல்லுக்கட்டியது போக மற்ற நேரமெல்லாம் கல் கல்லாகப் போய் முகர்ந்து பார்த்துக்கொண்டு அலைந்தார். எனக்கே மனசு கேட்கவில்லை, நம்பர் தாளைத் தேடி எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பார்க்கிறேன், இடது மூலையில் அந்த ஓட்டைக்குள் பழையபடி தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூலைதான் வேறு, கல் தன்னுடையதுதான் என்று கண்டுபிடித்துவிட்டார். தாளைக் கிழித்துப் போட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று வெறும் வயிற்றில் கிளம்பாதே. அங்கே உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் யாராவது புதிதாக வந்தால் நீயாகப் போய்ப் பேசு, நீ போன புதிதில் பட்ட பாட்டை மறந்துவிடாதே. எந்த ஊரில் எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும் நீ நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அம்மாவின் ஆசீர்வாதமும் இதில்தான் இருக்கிறது, தனியாக எழுத அவளுக்குச் சோம்பல். ஒரே ஒரு வேலை பாக்கி. பட்டியலில் இருபத்துமூன்றாவது, உன் மஞ்சள் மேஜை விளக்கு. அதைப் பெட்டியில் கட்டவில்லை, மேஜைமேலேயே இருக்கிறது. உபயோகித்துக்கொள்ளம்மா என்று சொல்லிப் பார்த்தேன், அண்ணிகிட்ட கேட்டுட்டுப் போடறேன் மாமா என்று சொல்லிவிட்டாள், பத்து நாளாக ஸ்விட்சைத் தொடவில்லை. போடலாமா கூடாதா என்று எழுது. எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது.

உன் பதிலை அவள் வாயால் கேட்கக் காத்திருக்கும்,
அப்பா