பண்ணைக்காட்டில் இருந்தபடியே நான் செய்த சாலை மறியல்

அடியே,

இன்று காலை ஆதார் அட்டையைத் தேடிப் பெட்டியைக் குடைந்தபோது, அந்தக் கோர்ட்டு உத்தரவின் நகல் கையில் வந்தது. இன்னும் பூண்டு வாசம் போகவில்லை. வக்கீலுக்கென்று மதுரைக்கு நீ தூக்கி வந்த மலைப்பூண்டோடு காகிதங்களையும் ஒரே பையில் திணித்தாயே. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

உன்னால் வந்த வழக்குதானே அது. நம் பூம்பாறைக்குச் சாயங்கால பஸ் கேட்டு நீங்கள் சாலையை மறித்த அன்று, நான் பண்ணைக்காட்டில் சித்தி மகள் கல்யாணப் பந்தியில் இருந்தேன். போலீஸ்காரர் நோட்டை எடுத்துப் பேர் கேட்டதும், பஸ் மனுவுக்குத்தான் எழுதுகிறார் என்று எல்லோரும் முண்டியடித்திருக்கிறீர்கள். எந்தப் பட்டியல் எழுதினாலும் வராதவர் பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் நம்மூர் வழக்கம். அப்பா பேர், கதவு எண் சகிதம் என்னையும் சேர்த்துவிட்டு, மறுநாள் வந்து பெருமை வேறு.

"உன்னைய விட்ருவேனா? ரெண்டாவது பேரே உன் பேருதான்டி."

அங்கன்வாடி வேலைக்குப் போலீஸ் விசாரணை வந்தபோதுதான் தெரிந்தது, நான் இரண்டாவது குற்றவாளி என்று. வழக்கு தீராமல் வேலை இல்லை என்றார்கள். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. உன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான்கு நாள் உன்னிடம் பேசவே இல்லை. ஐந்தாம் நாள் வெள்ளனே வந்து கதவைத் தட்டினாய். "மதுரைக்குப் போறோம். வெரசா கெளம்பு."

வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனுவோடு, கல்யாண வீட்டில் நான் பாயசம் குடிக்கும் போட்டோவையும் வைத்தார் வக்கீல். நான் மறியலில் இல்லை என்று நீ சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அவர் எச்சரித்தார்: "அப்படி எழுதினா, நீங்க மறிச்சத நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிரும்மா."

"மறிச்சேன்தானேங்க. பஸ்சும் வந்துருச்சுல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். என் கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.

அமைதியாகப் பஸ் கேட்டது குற்றமாகாது என்று எல்லோர் மீதுமிருந்த வழக்கையே ரத்து செய்தார் நீதிபதி. நான் சந்தோஷத்தில் கோர்ட்டு வாசலிலேயே அழுதுவிட்டேன். நீயோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். "உன் பேர எடுத்தது சரி. நான் மறிச்சது மறிச்சதுதான, அது எப்படி இல்லாமப் போகும்?" ஊர் திரும்ப அந்தச் சாயங்கால பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்த பிறகுதான் உன் முகம் தெளிந்தது.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அங்கன்வாடியில் என் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டால் நீயே மிரண்டிருப்பாய். உன் குணம் ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம் ஊருக்கு நிரந்தர டாக்டர் வேண்டும் என்று மனு எழுதினார்கள். மனுதானா என்று இரண்டு முறை விசாரித்துக்கொண்டு என் பேரைச் சொன்னேன். அடுத்து உன் பேரைச் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்கதான் இல்லையேங்க."

"வர முடியலங்க. நீங்க எழுதுங்க" என்றேன்.

எழுதினார்.