ராகிக் குழியின் அடியில்

ஜூஜுவாடி,
4-9-1955

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு நாகம்மா வணங்கி எழுதுவது. மாடு கன்று, மாமியார் எல்லாரும் சுகம். பெங்களூர் பாக்டரிச் சாப்பாட்டில் தாங்கள் இளைக்காமல் இருக்க வேண்டும்.

சிரிக்காமல் படியுங்கள். நேற்று களத்தில் ராகி கொட்டி வைக்கும் குழியைச் சுத்தம் செய்யத் திறந்தோம். கெட்ட காற்று போக அரை நாள் விட்டு, லாந்தரை இறக்கிப் பார்த்துத்தான் இறங்கினேன். அடியில் பக்கச் சுவரில் ஒரு வழி. அந்தப் பக்கம் நல்ல வெயில். தினம் என் கனவில் வருகிற அதே புளியந்தோப்பு. சித்திரையில் அம்மை வார்த்துப் போன நம் சம்பங்கி அங்கே நிற்கிறாள்! நான் தூங்கவில்லை, விழித்துக்கொண்டேதான் போனேன். தூக்கி இடுப்பில் வைத்தேன், கனம் இருந்தது. "அப்பா வரலியா?" என்றாள். மேலே கூட்டி வரப் பார்த்தேன். குழி வாய்க்கு வந்ததும் இடுப்பில் ஒன்றுமில்லை.

உங்கள் தம்பி திம்மராயனுக்கு வெறும் மண்சுவர்தான் தெரிகிறதாம். பெற்றவர்களுக்குத்தான் தெரியுமோ என்னவோ. வரும் ஞாயிறு வந்து பாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
நாகம்மா

பெங்களூர்,
9-9-1955

அன்புள்ள நாகுவுக்கு தீர்த்தகிரி ஆசீர்வாதம்.

உன் காகிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. லாந்தர் எரிந்தால் போதுமா? எங்கள் சித்தப்பா அப்படி நம்பித்தான் அந்தக் குழியில் இறங்கினார், பிணமாகத்தான் தூக்கினோம். காற்றுப் பட்டு மயங்கிக் கனவு கண்டிருக்கிறாய். குழந்தையை என் கையாலேயே புதைத்தேன், நாகு. அதை மறுபடியும் எழுத வைக்காதே.

இங்கே ஞாயிறும் வேலைதான். லீவு கேட்டேன். தீபாவளிக்குத்தான் என்கிறான் போர்மன். அதுவரை குழிப்பக்கம் போகாதே. உன்னையும் கொடுத்துவிட்டு நான் யாருக்குச் சம்பாதிப்பது?

உன்,
தீர்த்தகிரி

ஜூஜுவாடி,
14-9-1955

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ள வேண்டாம். தினமும் போகிறேன். நேற்று அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். "இங்கியே இரும்மா" என்று முந்தானையை விடவில்லை. எனக்கும் ஏறி வரக் கால் எழவில்லை. ஆனால் தங்களிடம் சொல்லாமல் அங்கே தங்கிவிட மனசு ஒப்பவில்லை.

ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும், வாருங்கள். கண்ணால் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அப்புறம் நான் இறங்கமாட்டேன். இது சத்தியம்.

தங்கள்,
நாகம்மா

ஜூஜுவாடி,
22-9-1955

தீர்த்தகிரி அவர்களுக்கு,

எனக்குப் பதில் வரவில்லை. திம்மராயனுக்கு வந்தது. நான் ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வண்டி வண்டியாக மண்ணடித்துக் குழியை மூடிவிட்டான். "அண்ணி, அண்ணன் எழுதியிருக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்று அழுகிறான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

என் உயிருக்குப் பயந்துதான் செய்தீர்கள். உயிர் இருக்கிறது. நகம் பெயரத் தோண்டிப் பார்த்தேன், மண்தான் வருகிறது. இப்போது படுத்தால் கனவுகூட வருவதில்லை.

கல்லாவியில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். தீபாவளிக்கு அங்கே தேடிக்கொண்டு வர வேண்டாம்.

ஒன்று மட்டும் தங்களுக்குத் தெரிய வேண்டும். கடைசியாக ஏறி வரும்போது அவளிடம், "இங்கியே நில்லு கண்ணு, அப்பாவக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. நின்றுகொண்டிருப்பாள்.

நாகம்மா