வண்டுவின் காருக்கு ஒரு மோட்டார்

என் வண்டே, அக்காவின் கண்ணே,

வரும் வெள்ளிக்கிழமை உனக்கு வருசப் படையல். உனக்குப் பிடித்ததைத்தானே வைக்க வேண்டும்? எலும்புக் குழம்பு, முட்டைப் பரோட்டா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவனுடைய ரிமோட் காரையும் வைப்போம் என்று நான் சொன்னேன். அதுவரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உன் பெண்டாட்டி மலர் தலையைத் தூக்கினாள்.

"நிக்கிற வண்டிய வைக்காதீங்க மதினி. ஓட்டிட்டு வைங்க."

நீ போனதிலிருந்து அவள் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை. இதைக் கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வேன்?

ஆனால் வண்டியில் மோட்டார் இல்லையே. பழசைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசு வாங்கப் போகிறேன் என்று போனையே நோண்டிக்கொண்டிருந்தாய். அதற்குள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதைத்தான் பார்த்தாய். "முடிவு பண்ணிட்டேன்க்கா" என்றாய். அதற்குள் நர்ஸ் வந்து ஊசி போட்டார். நீ தூங்கிவிட்டாய். எதை முடிவு பண்ணினாய் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. செல்போன் ரிப்பேர் பார்க்கிற உன் கூட்டாளி பஷீராலும் உன் போனைத் திறக்க முடியவில்லை.

மோட்டாருக்கும் அவனிடமே போனேன். அஞ்சாவதோடு நின்றவள் நான், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுடா என்றேன்.

"பிரஷ்லெஸ் மோட்டாருதான் பாத்துக்கிட்டு இருந்தான்க்கா. மிக்சிக்குக் கார்பன் தேஞ்சா மாத்துவோம்ல, அது இதுல கெடையாது. அதுலயே ரெண்டு தினுசு. ஒண்ணு சர்ருன்னு பறக்கும், சீக்கிரம் சூடாயிரும். இன்னொண்ணு நிதானமாச் சுத்தும், இழுவை நல்லா இருக்கும். எது வேணும்?"

"அவனுக்கு எதுடா புடிக்கும்?"

"அவனா? பறக்கத்தான் பாப்பான்."

அப்படியென்றால் அதையே வாங்கு என்றேன். பஷீர் தலையைச் சொறிந்தான். "நாங்க வண்டி ஓட்டுற கண்மாய் மண்ணு பொதபொதன்னு கெடக்கும்க்கா. அதுக்கு இழுவைதான் தோது."

"படையலுக்குப் புடிச்சதப் பாப்பாகளா, தோதப் பாப்பாகளா?" என்று கேட்டேன். அவன் போனை எடுத்து ஆர்டர் போட்டான்.

மோட்டார் வந்தது. பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. அதன் முனையில் மாட்டுகிற பல்சக்கரம் இரண்டு, நீ வாங்கி வைத்தது, டப்பாவில் கிடந்தன. பெரியதை மாட்டினால் வேகம், சின்னதை மாட்டினால் இழுவை என்றான் பஷீர். நான் பெரியதையே கொடுத்தேன். அவன் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அந்தச் சக்கரத்துக்கும் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற பல்சக்கரத்துக்கும் நடுவில் செருகி, திருகாணியை முடுக்கிவிட்டுத் தாளை உருவினான். அம்புட்டு இடைவெளி இருந்தால் போதுமாம். உருவிய தாளில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. உனக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழக்குயில்குடிக் கண்மாய்க்குப் போனோம். நீங்கள் எல்லோரும் ஓட்டுவீர்களே, மலைக்குக் கீழே, அதே இடம். மலரும் வந்தாள். வண்டி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீ சின்ன வயசில் வாயாலேயே வண்டி ஓட்டுவாயே, அதே சத்தம். பிறகு மணல் மேட்டில் ஏறப் பார்த்து, முனகி, நின்றுவிட்டது. கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் புறங்கையை மோட்டார் மேல் வைத்தேன்.

"யக்கா, கைய எடுங்க, சுட்டுரும்!"

எடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் உன் நெற்றியை அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தேன்.

பஷீர் என் கையை விலக்கிவிட்டான். "நீங்க மாவு அரைச்சு விக்கிறவுக. கெட்டி மாவப் போட்டா கிரைண்டர் சூடாகாதா? அதே கதைதான். இது பொழைக்கணும்னா சின்னத மாட்டணும்க்கா."

"சின்னத மாட்டுனா அது அவன் வண்டியாடா? மாட்டு வண்டியால்ல போகும்?"

மலர்தான் பதில் சொன்னாள். "மாட்டு வண்டியாவே போகட்டும் மதினி. அவரும் வேகமாத்தான் போனாரு. ரெண்டே நாள் காச்சல். இதாச்சும் இருக்கட்டும்."

மோட்டார் ஆறுகிற வரைக்கும் காத்திருந்து பஷீர் சக்கரத்தை மாற்றினான். மலர் ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். வண்டி அதே மேட்டில் மெதுவாக ஏறியது. இறங்கியது. திரும்பவும் ஏறியது. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான்.

"பாருங்க மதினி, உங்க தம்பி மாதிரி இல்ல, சொன்னாக் கேக்குது!" என்று மலர் சிரித்தாள். பஷீரும் சிரித்தான்.

அவள் சிரித்ததற்கு நான் சந்தோசப்பட வேண்டும்தானே? என்னால் முடியவில்லை வண்டு. வண்டி ஓடுகிறது. ஆனால் அதில் நீ இல்லை. வீட்டுக்கு வரும்போது பஷீர் பெரிய சக்கரத்தை என் கையில் கொடுத்தான். "மனசு கேக்கலைன்னா சொல்லுங்க, மாத்திரலாம்" என்றான். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். மாவு அள்ளக் குனியும்போதெல்லாம் இடுப்பில் இடிக்கிறது. மாற்றினால் உன் வண்டி கருகிவிடும். மாற்றாவிட்டால் அது உன் வண்டிதானா?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கண்மாயில் ஓட்டிவிட்டு, டயர் மண்ணைத் துடைக்காமல் உன் இலைக்குப் பக்கத்தில் வைப்போம். நிற்கிற வண்டியை உனக்கு வைக்க மாட்டேன், இது சத்தியம். ரிமோட்டை மலர் கையிலிருந்து வாங்கவும் மாட்டேன். அவள் ஓட்டட்டும்.

ஒன்றை மட்டும் சொல். அன்றைக்கு அந்தக் கட்டிலில் நீ முடிவு பண்ணியது எது, வண்டு?

முந்தானை முடிச்சை இன்னும் அவிழ்க்காத
உன் அக்கா