வெள்ளைத் துணிக்கு முன்னால்

சூலூர்,
12.2.1994

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் அன்புக் கணவருக்கு,

ஆண்டவர் கிருபையால் பாப்பாவும் அத்தையும் நலம். அங்கே வெயிலில் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் போட்டோ ஸ்டுடியோவை மூடிவிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நான் மூடவில்லை. நீங்கள் கற்றுக்கொடுத்ததை வைத்துச் சமாளிக்கிறேன்.

போன மாதம் விசைத்தறிக்குப் போகும் தெய்வாத்தாள், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று மகள் மாசாணியைக் கூட்டிவந்தார். பெண்ணுக்குக் கண்ணோரமும் உதட்டிலும் வெண்புள்ளி. “பவுடர் போட்டு, மிச்சத்தை டச்சப்புல மறைச்சுப்போடுங்க அம்மணி” என்றார்.

மாசாணி ஒப்பவில்லை. “வேண்டாமுங்கக்கா. போன தடவையும் மறைச்சுத்தான் எடுத்தாங்க. படத்தைப் பார்த்துட்டு வந்தவங்க, நேர்ல பார்த்ததும் காப்பியைக்கூடத் தொடாமப் போயிட்டாங்க. வேண்டாங்கறவங்க படத்தைப் பார்த்துட்டு அவங்க ஊட்டுல இருந்தே சொல்லிப்போடட்டுங்க” என்றாள்.

எனக்கு உங்கள் படப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அதில் அந்த வெளிநாட்டுப் புகைப்படக்காரர் வெறும் வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த முகங்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. ஊட்டி ஏரி வரைந்த திரையைச் சுருட்டிவிட்டு, அந்த இடத்தில் உங்கள் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினேன். வாசல் வெளிச்சமே போதுமாயிருந்தது. மாசாணி முகம் கழுவிக்கொண்டு வந்து நேராகப் பார்த்தாள்.

தெய்வாத்தாள் படத்தைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எம்புள்ள லட்சணமாத்தானுங்க இருக்கறா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வீட்டார் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சத்தியமங்கலத்துக் குடும்பம் ஒன்று போன ஞாயிறு வந்தது. “படத்துல பார்த்த மாதிரியேதான் இருக்கீங்க” என்றாராம் மாப்பிள்ளை. சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வைகாசியில் கல்யாணம்.

நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் என் படம் கேட்கிறீர்கள். பழையது ஒன்றை அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். மாசாணியை அப்படி எடுத்த பிறகு மனசு வரவில்லை. ஐப்பசியில் என் மார்பில் ஒரு கட்டி இருந்தது. கோவையில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஏற்றுகிற மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. குணமாகிவிடும் என்கிறார் டாக்டரம்மா. போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவீர்கள் என்றுதான் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தேன்.

நேற்று நான் உட்கார, மாசாணி எடுத்தாள். தலையில் முக்காடு போட்டுக்கொள்ளவில்லை. படம் உறைக்குள்ளேயே இருக்கிறது. அறையில் யாரும் இல்லாதபோது எடுத்துப் பாருங்கள். நன்றாகப் பார்த்துவிட்டு, லீவு கொடுத்தால் வாருங்கள்.

கண்மணிபோல் ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
எமல்டா